குரியாவில் ஒரு பள்ளியாண்டு

2012 செப்டம்பரில் ஆங்கிலம் கற்பிக்க ஜார்ஜியா நாட்டுக்குப் புறப்பட்டபோது என் பெட்டியில் எண்பது பென்சில்கள், வண்ணச் சுண்ணக்கட்டிகள், லண்டன் படம் போட்ட அஞ்சலட்டைகள், இலக்கணப் பயிற்சிப் புத்தகங்கள் மூன்று இருந்தன. என் வீட்டாரின் படம் ஒன்றுகூட இல்லை. ஊர் போய்ச் சேர்ந்த முதல் இரவே அது எவ்வளவு பெரிய குறை என்று தெரிந்துவிட்டது.

நான் தங்கவிருந்த வீட்டின் பாட்டியை ஊரே 'பெபியா' என்றுதான் கூப்பிட்டது. ஜார்ஜிய மொழியில் பெபியா என்றால் பாட்டி. அவர் என்னை விறகடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, சுவரில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். காலமாகிவிட்ட கணவர், மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் இருவர். பிறகு என் பக்கம் கையை நீட்டி, "தேதா? மாமா?" என்று கேட்டார். தேதா என்றால் அம்மா, மாமா என்றால் அப்பா. பயிற்சி வகுப்பில் சொல்லித்தந்திருந்தார்கள். ஆனால் அன்றைய களைப்பில் என் காது அதைத் தமிழாகவே கேட்டது. மூன்று விரலைக் காட்டினேன். எனக்கு மூன்று அப்பா என்று சொன்ன பெண்ணை அந்த வீட்டார் ஒரு நிமிடம் பேச்சில்லாமல் பார்த்தார்கள். கையில் ஒரு குடும்பப் படம் இருந்திருந்தால் அந்தக் கேள்விக்கு மொழியே வேண்டியிருந்திருக்காது. ஜார்ஜியாவுக்கு இப்படிப் போகிற எவருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: பென்சில் அங்கேயும் கிடைக்கும், உங்கள் அம்மா அப்பா படம் கிடைக்காது. தாளில் அச்சிட்டுக் கொண்டுபோங்கள்.

நான் போனது 2010இல் ஜார்ஜிய அரசு தொடங்கிய 'டீச் அண்ட் லேர்ன் வித் ஜார்ஜியா' என்ற திட்டத்தில். சோவியத் காலத்தில் ரஷ்யனே இரண்டாம் மொழியாகக் கோலோச்சிய பள்ளிகளில் ஆங்கிலத்தை வேரூன்ற வைக்க, ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறவர்களை வெளிநாடுகளிலிருந்து வரவழைத்து, உள்ளூர் ஆங்கில ஆசிரியருக்குத் துணையாக வகுப்பில் நிறுத்துவதுதான் திட்டம். விமானச் சீட்டும் மாதம் 500 லாரி (ஜார்ஜிய நாணயம்) படியும் தந்தார்கள். தங்குவது உள்ளூர்க் குடும்பத்தோடு. தலைநகர் திபிலிசியில் ஒரு வாரப் பயிற்சி முடிந்ததும் ஆளுக்கொரு மாவட்டமாகப் பிரித்து அனுப்பினார்கள். எனக்கு வந்தது குரியா. கருங்கடலை ஒட்டிய மேற்கு மாவட்டம், ஈரமும் மழையும் நிறைந்தது. அதன் தலைமை ஊர் ஒசுர்கெதி. அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர் தள்ளி என் கிராமம்.

மர்ஷ்ருத்கா என்னும் சிற்றுந்து அந்தக் கிராமத்துச் சரிவில் ஏறியபோது என் நெஞ்சு ஒருமுறை நின்று துடித்தது. இரண்டு பக்கமும் தேயிலை. ஆனால் இலங்கையில் நான் பிறந்த ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களைப் போல இடுப்பளவு கவாத்து வெட்டி நிரையாக நின்ற தேயிலை அல்ல. ஆள் உயரத்துக்கும் மேலே வளர்ந்து, முட்புதரும் பெரணியும் ஏறி, வெள்ளைப் பூ பூத்து, காடாகிப்போன தேயிலை. சோவியத் யூனியன் குடித்த உள்நாட்டுத் தேயிலையில் பெரும்பங்கு இந்த மேற்கு ஜார்ஜியாவில்தான் விளைந்தது. ஒசுர்கெதிக்குப் பக்கத்தில் அனசெயுலி என்ற இடத்தில் தேயிலைக்கென்றே ஆராய்ச்சி நிலையம் வைத்திருந்தார்கள். 1991இல் யூனியன் உடைந்தது, சந்தை போனது, ஆலைகள் மூடின, செடிகள் மட்டும் மிஞ்சின. ஸ்ரீலங்கா என்றால் ஊரில் யாருக்கும் தெரியவில்லை. 'த்ஸெய்லோனி' என்றதும் முகங்கள் மலர்ந்தன. சிலோன் தேயிலை அவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

முதல் ஒன்றரை மாதம் நான் பள்ளியில் செய்தது எதுவும் பயன்படவில்லை. என்னோடு வகுப்பெடுத்தவர் ஐம்பதைத் தாண்டிய ஆசிரியை. நான் வந்தது அவர் இடத்தைப் பிடிக்கத்தான் என்று அவருக்கு ஒரு பயம். அது எனக்குத் தெரியாது. அவர் கரும்பலகையில் எழுதுவார், நான் பாடத்தை உரக்க வாசிப்பேன், பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் அவர் ஒரு சொல்லைத் தவறாக உச்சரித்தார். நான் வகுப்பின் நடுவிலேயே திருத்தினேன். கடைசி வரிசைப் பையன் ஒருவன் சிரித்தான். அந்த அம்மாவின் முகம் எப்படிப் போயிற்று என்பதை என்னால் மறக்க முடியாது. அடுத்த எட்டு நாள் வகுப்புக்கு வெளியே என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டில் பெபியா விஷயத்தைக் கேட்டார். ஊரில் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்துவிடும், யார் சொன்னது என்று கேட்டுப் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு கேக்கை வாங்கித் தந்து, என்னைக் கையைப் பிடித்து அந்த ஆசிரியை வீட்டுக்கு அழைத்துப்போனார். மன்னிப்பு என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. அவர் மேசை நிறையச் சாப்பாடு வைத்தார். நான் சாப்பிட்டேன். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மறுநாள் ஆசிரியர் அறையில் தன் பக்கத்து நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டார். அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். பாடத்துக்கு முந்திய நாள் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு அதை ஒருமுறை வாசித்துப் பார்ப்போம். திருத்தம் எல்லாம் அந்த அறையோடு சரி. நான் ஊரைவிட்டு வந்துவிடுவேன், அந்தப் பிள்ளைகள் முன்னால் அவர் இன்னும் பத்து வருடம் நிற்கவேண்டும். இதைத் துணையாசிரியராகப் போகிற யாரும் முதல் நாளே மனதில் வைத்துக்கொண்டு போகவேண்டும்.

வகுப்பு உண்மையில் திறந்துகொண்டது நான் மாணவியானபோதுதான். ஜார்ஜிய எழுத்து 33. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் கிடையாது. நம் எழுத்தைப்போல வளைந்து வளைந்து ஓடும். முதல் வகுப்பு ஆசிரியையிடம் கேட்டு, வாரத்தில் இரண்டு நாள் ஆறு வயதுப் பிள்ளைகளோடு பின் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர்களுடைய அரிச்சுவடிக்கு 'தேதா ஏனா' என்று பெயர், தாய்மொழி என்று பொருள். யாகோப் கோகெபாஷ்விலி என்ற கல்வியாளர் 1876இல் வெளியிட்டது. அதன் முதல் பாடம் 'ஆய் இயா'. இதோ ஊதாப்பூ என்று அர்த்தம். இரண்டே எழுத்தை வைத்து முழு வாக்கியம் ஒன்றைக் குழந்தை முதல் நாளே வாசித்துவிடும். எழுத்தைக் கற்பிக்க இதைவிட அழகான வாசலை நான் கண்டதில்லை.

பெரிய வகுப்புப் பிள்ளைகள் சன்னல் வழியாக எட்டிப்பார்த்தார்கள். ஆங்கில 'மாஸ்' சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தப்பும் தவறுமாக எழுதுகிறாள் என்று பள்ளி முழுக்கப் பேச்சு. ஆசிரியருக்கான நீளச் சொல்லை அவர்கள் 'மாஸ்' என்று சுருக்கிக் கூப்பிடுவார்கள். தண்ணீரில் தவளை கத்துகிறது என்று ஒரு நாப்பயிற்சி வாக்கியம் உண்டு, தொண்டையின் அடியிலிருந்து 'க'வை வெடிக்க வேண்டும். இடைவேளையில் என்னைச் சுற்றி நின்று அதைச் சொல்லவைப்பார்கள். நான் தடுமாறுவேன், அவர்கள் திருத்துவார்கள். அதுவரை ஆங்கிலத்தில் வாயே திறக்காத ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, அந்த வாரம் முதன்முதலாகக் கை தூக்கினாள். தப்பாகப் பேசினால் வெட்கமில்லை என்பதை நான் வாயால் பத்து முறை சொல்லியிருந்தேன். தப்பாகப் பேசிக் காட்டியபிறகுதான் அவள் நம்பினாள்.

அவர்கள் மொழியைக் கற்றதில் இன்னொரு லாபமும் இருந்தது. எந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தது. ஜார்ஜிய மொழியில் 'ஃப' ஒலி கிடையாது. டெலிபோன் அவர்களுக்கு 'தெலெபோனி'. ஃபைவ் என்பது பைவ் ஆகும். நமக்கும் அந்த ஒலி கிடையாதே, ஆய்த எழுத்தைக் கடன் வாங்கித்தானே சமாளிக்கிறோம். சின்ன வயதில் எனக்குச் சொல்லித்தந்த முறையையே எடுத்தேன். உதட்டுக்கு முன்னால் மெல்லிய தாள் துண்டு ஒன்றைத் தொங்கவிடவேண்டும். 'ப' சொன்னால் தாள் துள்ளும். மேற்பல்லைக் கீழுதட்டில் வைத்து 'ஃப' சொன்னால் துள்ளாது, நடுங்கும். தாள் துள்ளாமல் ஃபைவ் சொல்கிறவர்களுக்கு ஒரு புள்ளி. இரண்டு வாரத்தில் மூன்றாம் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டது.

அவன், அவள், அது மூன்றுக்கும் ஜார்ஜிய மொழியில் ஒரே சொல், 'இஸ்'. அதனால் பிள்ளைகள் அம்மாவை 'ஹி' என்பார்கள், அண்ணனை 'ஷி' என்பார்கள். போதாததற்கு ஆங்கிலத்தில் 'இஸ்' என்று வேறொரு சொல் இருக்கிறது, எழுவாய் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு அதிலிருந்தே வாக்கியத்தைத் தொடங்கிவிடுவார்கள். கவனக்குறைவு என்று எவ்வளவு நாள் கடிந்திருக்கிறேன்! இது தெரிந்தபிறகு வீட்டிலிருந்து குடும்பப் படங்களைக் கொண்டுவரச் சொல்லி, ஆளைத் தொட்டுக்காட்டிப் பேசவைத்தேன். எண்களிலும் இப்படி ஒன்று. அவர்கள் இருபது இருபதாக எண்ணுவார்கள். நாற்பது என்றால் 'இரண்டு இருபது', ஐம்பது என்றால் 'இரண்டு இருபதும் பத்தும்', தொண்ணூற்றொன்பது என்றால் 'நான்கு இருபதும் பத்தொன்பதும்'. 50, 70, 90இல் மட்டும் பிள்ளைகள் ஏன் திணறுகிறார்கள் என்பது அதில்தான் விளங்கியது.

வேற்றுமை உருபு விஷயத்தில் நாங்கள் ஒரே கட்சி. அவர்களுக்கும் நம்மைப்போலவே சொல்லின் வாலில்தான் ஒட்டும். 'சஹ்லி' வீடு, 'சஹ்ல்ஷி' வீட்டில். ஆங்கிலம் அதைத் தலையில் தூக்கி வைக்கிறது. என் மொழியிலும் உங்கள் மாதிரிதான் என்று கரும்பலகையில் தமிழில் எழுதிக் காட்டினேன். ஒரு மாணவன் எழுந்து, "அப்படியென்றால் நீங்களும் இதைக் கற்றுக்கொண்டதுதானா?" என்று கேட்டான். ஆம் என்றேன். ஆங்கிலத்தைத் தாய்ப்பாலோடு குடித்தவர்களால் அந்தப் பதிலைச் சொல்லமுடியாது. இந்தத் திட்டத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் ஆங்கிலமே வீட்டு மொழியாக வளர்ந்தவர்கள். என் உச்சரிப்பு அவர்களைப்போல இல்லையே என்று வந்த நாளிலிருந்து எனக்குள் ஒரு கூச்சம் இருந்தது. அன்றோடு அது போயிற்று.

உறவுமுறைச் சொற்களைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. அப்பா 'மாமா' என்றேன் அல்லவா, அப்பாவின் சகோதரி 'மாமிதா'. அம்மாவின் சகோதரி 'தேய்தா'. ஆங்கிலத்தில் இரண்டுமே ஆன்ட்டி. எங்கள் வீட்டில் அத்தையும் சின்னம்மாவும் வேறு வேறு என்பதை அவர்களுக்கு நான் விளக்கவே தேவைப்படவில்லை. அதைவிட அழகு, பெரியவர்கள் பிள்ளைகளைக் கூப்பிடுகிற விதம். அம்மா தன் பிள்ளையை 'தேதா' என்பாள். அப்பா மகளை 'மாமா' என்பார். பெபியா பேரப்பிள்ளைகளை 'பெபோ' என்பார். நாம் மகளை 'வாம்மா' என்றும் மகனை 'என்னப்பா' என்றும் கூப்பிடுவதில்லையா? டிசம்பரில் ஒரு காலை, பள்ளிக்கு ஓடிய என்னைத் தலை ஈரத்தோடு போகாதே என்று தடுத்து நிறுத்தி, "பெபோ!" என்றார். கல்தரையில் உட்காராதே, வயிற்றில் குளிர் ஏறும், பிள்ளை பிறக்காது என்று அதட்டுவார். திருமணம் ஆகிவிட்டதா என்ற கேள்வி கடைக்காரரிலிருந்து தலைமையாசிரியர் வரை எல்லோரிடமிருந்தும் வந்தது. மற்ற நாட்டுத் தோழிகள் இதையெல்லாம் அத்துமீறல் என்று பொருமினார்கள். எனக்கு அது வீட்டுச் சத்தம்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் நன்றாகக் கவனிக்க வேண்டியது நிறைய. விருந்தாளி கடவுளிடமிருந்து வந்தவர் என்று அவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது. வாயளவில் சொல்கிற சொல் அல்ல அது. காலித் தட்டு என்றால் இன்னும் பசி என்று அர்த்தம். எனவே மெல்லச் சாப்பிடுங்கள், கொஞ்சம் மிச்சம் வையுங்கள். முகம் வாடினால் விருந்தாளி வாடிப்போவார் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். இங்கே நான் வேண்டாம் என்றபோது வாடியது வீட்டுக்காரியின் முகம். குரியாவில் அன்றாட உணவு கோமி, வெள்ளை மக்காச்சோள மாவில் உப்பில்லாமல் கிண்டிய களி. சூடான களிக்குள் சுல்குனி என்ற பாற்கட்டியைச் செருகி உருகவிட்டுச் சாப்பிடுவார்கள். லோபியோ என்கிற பயறு, அக்ரூட் அரைத்துப் பூசிய கத்தரிக்காய், புளித்த பிளம் பழச் சட்னி, மத்ஸோனி என்கிற நம் தயிர். வெந்தயத்தின் உறவுக்கார மசாலா ஒன்று போடுவார்கள், அதன் வாசம் என்னை ஹட்டனுக்கே கொண்டுபோகும்.

வெள்ளிக்கிழமை நான் சைவம். அதை எப்படிச் சொல்வது என்று பயந்துகொண்டிருந்தேன். பெபியாவுக்கு அரை நொடியில் விளங்கிவிட்டது. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் நோன்பு. "மார்ஹ்வா?" என்றார். ஆமாம் என்றேன். இறைச்சி சாப்பிடாதவர்கள் ஜார்ஜியாவில் நினைவில் வைக்கவேண்டிய சொல் 'சமார்ஹ்வோ', நோன்புணவு. எனக்கு இறைச்சி பிடிக்காது என்றால் புரியாது, கோழி போடுவார்கள். சமார்ஹ்வோ என்றால் கடையிலும் வீட்டிலும் தனியே எடுத்துத் தருவார்கள். அதில் பாலும் முட்டையும்கூட இருக்காது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

நவம்பர் 23, கியோர்கோபா. புனித ஜார்ஜ் திருநாள். அந்த ஆண்டு அது வெள்ளிக்கிழமையில் வந்தது. வீட்டில் இருபத்தைந்து பேருக்குச் சுப்ரா. சுப்ரா என்பதை விருந்து என்று மட்டும் சொன்னால் போதாது. அதற்குத் 'தமதா' என்று ஒரு தலைவர் உண்டு. அவர் எழுந்து ஒவ்வொன்றாகப் பேசுவார்: அமைதிக்காக, நாட்டுக்காக, காலமானவர்களுக்காக, பிறந்த பிள்ளைகளுக்காக, விருந்தினருக்காக. அவர் பேசி முடித்தபிறகுதான் மற்றவர்கள் தம் பங்குக்குப் பேசிவிட்டுக் கிண்ணத்தை எடுப்பார்கள். நடுவில் தாகத்துக்கு என்று வைனைத் தொடக்கூடாது. பியரை உயர்த்தி வாழ்த்துச் சொல்லவே கூடாது, அது எதிரிக்குச் சொல்கிற வாழ்த்து. நான் குடிப்பதில்லை. இதைச் சொல்கிற நேரம் முக்கியம். முதல் கிண்ணத்தை வாங்கிவிட்டு இரண்டாவதை மறுப்பது அவமதிப்பு. உட்காரும் முன்பே தமதாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் என் கிண்ணத்தில் மாதுளம் சாறு ஊற்றச் சொன்னார். ஆண்களுக்கு இவ்வளவு எளிதாக விடுதலை கிடைக்காது. பக்கத்து ஊரில் இருந்த கனடாக்காரர் உடல்நிலையைக் காரணம் சொல்லித்தான் தப்பினார்.

மேசையில் முழுப் பன்றி வறுத்து வைத்திருந்தது. நானும் பெபியாவும் ஒரு மூலையில் லோபியோவும் கத்தரிக்காயும் சோள ரொட்டியும் சாப்பிட்டோம். காலமானவர்களுக்கான முறை வந்தது. எல்லோரும் ரொட்டித் துண்டில் சில சொட்டு வைன் விட்டார்கள். தமதா பேசி முடித்து, "அலாவெர்தி" என்று என் பக்கம் திரும்பினார். இனி நீ பேசு என்று பொருள். மேசை அமைதியாயிற்று. என்னிடம் அன்று இருந்த ஜார்ஜிய மொழி அறுபது எழுபது சொல்தான்.

"செமி பெபியா சாய்ஸ் க்ரெப்தா" என்றேன். என் பாட்டி தேயிலை பறித்தாள். "த்ஸெய்லோன்ஷி." சிலோனில். "இப்போது இல்லை."

அதற்குமேல் தெரியவில்லை. யாரும் பேசவில்லை. பெபியா எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். என் முன்னால் நின்று, இரண்டு கைகளையும் காற்றில் தூக்கி, விரல்நுனியால் இல்லாத செடியில் கொழுந்து கிள்ளினார். இடதும் வலதும் மாறி மாறி, கண்ணால் பார்க்காமல், வேகமாக. என் அம்மாயி கதை சொல்லும்போது அவள் கை தானாகச் செய்கிற அதே அசைவு. இவர் கூட்டுப்பண்ணையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர் என்று எனக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு மாதம் அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன், காடாகிப்போன தேயிலையைத் தினமும் பார்த்துக்கொண்டு பள்ளிக்கு நடந்திருக்கிறேன், ஒருநாள்கூடக் கேட்கவில்லை. ஆங்கிலம் கொடுக்க வந்தவள் என்ற நினைப்பே என் கண்ணை மறைத்திருந்தது.

குளிர்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒரே ஓர் அறைக்குத்தான் விறகடுப்பு, அதற்குப் 'பெச்சி' என்று பெயர். டிசம்பரிலிருந்து மார்ச் வரை குடும்பம் முழுக்க அந்த அறையில்தான் வாழும். தனிமை வேண்டும் என்பவர்கள் இதற்கு மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும். மின்சாரம் போகும், தலையில் மாட்டும் விளக்கு ஒன்று கொண்டுபோங்கள். கழிப்பறை முற்றத்தில். பெரிய பாத்திரத்தில் வெந்நீர் வைத்து வாளியில் விளாவிக் குளிக்கவேண்டும். தோட்டத் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் பிறந்தவளுக்கு வாளிக் குளியல் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு அது பெரிய சோதனையாக இருந்தது. சனி ஞாயிறு வந்தால் சிலர் பத்தூமிக்கோ குத்தாய்சிக்கோ ஓடிப்போய்த் தங்களுக்குள் கூடிக்கொள்வார்கள். மாதம் ஒருமுறை நல்லது, மனதுக்குத் தெம்பு. வாரந்தவறாமல் போனவர்களில் பலர் ஆண்டு முடிக்கவில்லை. ஊரில் ஞாயிறு என்றால் கல்யாணம், இழவு, விருந்து எல்லாம் நடக்கிற நாள். அன்று இல்லாதவர் ஊரில் இல்லாதவர்தான்.

மார்ச் 3 அங்கே அன்னையர் தினம். ஒசுர்கெதிச் சந்தையில் ஆறு டுலிப் வாங்கிவந்து பெபியாவிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு என்னை முத்தமிட்டார். பிறகு ஒரு பூவை மட்டும் எடுத்துக் கணவர் படத்தின் முன் வைத்துவிட்டு, மிச்சம் ஐந்தைக் குவளையில் வைத்தார். மருமகள்தான் பிறகு சொன்னாள், இரட்டைப்படையில் பூக்கொடுப்பது செத்தவர்களுக்கு. மொய்ப் பணத்தில் ஒரு ரூபாய் சேர்த்து வைக்கிற வழக்கத்தில் வளர்ந்தவள் நான், எனக்கே தோன்றியிருக்க வேண்டும்.

நாட்காட்டியில் இரண்டு நாட்கள் எனக்காகவே வைத்தாற்போல அமைந்தன. ஜனவரி 14 அவர்களுடைய 'பழைய புத்தாண்டு', பழைய நாட்காட்டிப்படி வருவது. அந்த வருடம் பொங்கலும் அன்றுதான். வீட்டில் இன்னும் சிச்சிலாகி நின்றுகொண்டிருந்தது. அது ஹேசல் கிளையைக் கத்தியால் சுருள் சுருளாகச் சீவி, வெள்ளைத் தாடிபோலத் தொங்கவிட்ட மரம், குரியாவின் கிறிஸ்துமஸ் மரம். பெச்சியின் மேல் பானை வைத்துப் பொங்கினேன். பால் பொங்கி வழிந்தபோது மருமகள் பதறி ஓடிவந்தாள். வழியட்டும், அதுதான் சடங்கு என்று தடுத்தேன். தேன் ஊற்றித் தட்டில் போட்டதும் பிள்ளைகள் இரண்டாம் முறை கேட்டார்கள்.

மற்றது ஏப்ரல் 14. நமக்குச் சித்திரைப் புத்தாண்டு, அவர்களுக்குத் தாய்மொழி நாள். 1978இல் சோவியத் ஆட்சியாளர்கள் ஜார்ஜியக் குடியரசின் அரசியல் சட்டத்திலிருந்து ஜார்ஜிய மொழியின் அரசுமொழித் தகுதியை நீக்கப் பார்த்தார்கள். ஏப்ரல் 14 அன்று திபிலிசித் தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள், மாணவர்களே அதிகம். அரசு பின்வாங்கியது. அப்போது ஜார்ஜியக் கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தலைமை தாங்கிய ஷெவர்த்னாட்ஸே இதே குரியாவில் பிறந்தவர். அந்த வருடம் அந்த நாள் ஞாயிறானதால் பள்ளியில் வெள்ளிக்கிழமையே கொண்டாடினார்கள். என்னோடு வகுப்பெடுத்த ஆசிரியை 1978இல் கல்லூரி மாணவி, அந்தக் கூட்டத்தில் நின்றவர். அதைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது அவர் குரல் நடுங்கியது. ஆங்கிலம் பரப்ப வந்த நான் அந்த மேடைக்குக் கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த மக்களுக்கு ஆங்கிலம் வேண்டும், வேலைக்கும் உலகத்துக்கும் வேண்டும். ஆனால் அது எதன் இடத்திலும் வந்து உட்காரக்கூடாது. மறுவாரம் ஐந்தாம் வகுப்புக்கு நான் வைத்த ஆங்கிலப் பாடம், தங்கள் எழுத்துகளைப் பற்றி ஒரு வெளிநாட்டாருக்குச் சொல்லிக்கொடுப்பது. அவர்கள் ஆண்டு முழுக்க எழுதியதில் அதுதான் மிக நல்ல ஆங்கிலம்.

மே 5, ஈஸ்டர். ஷுஹுதி என்ற ஊரில் அன்று லெலோ விளையாட்டு. மேல் ஊருக்கும் கீழ் ஊருக்கும் போட்டி. பந்தின் எடை 16 கிலோ. ஆள் கணக்கு இல்லை, நேரக் கணக்கு இல்லை. தம் பக்கத்து ஓடைவரை பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் வென்றவர்கள். ஒரே மனிதக் குவியலாக ஊர் நகரும், வேலிகள் சரியும். பார்க்கப் போகிறவர்கள் சாலையில் நிற்காமல் யாராவது வீட்டுத் திண்ணையில் இடம் கேளுங்கள், தருவார்கள். வென்ற பந்தைக் கொண்டாட்டத்துக்கு எடுத்துப்போவதில்லை. இடுகாட்டுக்குக் கொண்டுபோய், ஊரில் காலமான ஒருவர் கல்லறைமேல் வைக்கிறார்கள். எங்கள் ஊரிலும் ஈஸ்டருக்கு எல்லோரும் கல்லறைகளில்தான் இருந்தார்கள். சாயவேரில் சிவப்பாக்கிய முட்டைகளைக் கல்லறைமேல் உருட்டி, அங்கேயே துணி விரித்துச் சாப்பிட்டோம்.

மே மாதம் முடிவதற்குள் பெபியா என்னை அந்தக் காட்டுத் தேயிலைக்குக் கூட்டிப்போனார். கொடுவாளால் முட்புதரை வெட்டி வழி செய்தார். தளிர்த்திருந்த கிளைகளை வளைத்து இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளினோம். நான் கொழுந்து பறித்ததே கிடையாது. அம்மாயி என்னை மலையில் ஏறவே விட்டதில்லை, நீ படி என்பாள். பெபியாதான் சொல்லித்தந்தார், நகத்தால் கிள்ளக்கூடாது, விரலால் ஒடிக்கவேண்டும். நிழலில் வாடவைத்து, உள்ளங்கையால் உருட்டி, ஈரத்துணி மூடிவைத்து, கடைசியில் பெச்சியின் இளஞ்சூட்டில் காயவைத்தோம். இரண்டு கூடை கொழுந்து ஒரு சிறு பொட்டலமாகச் சுருங்கியது.

அதற்குள் அம்மா லண்டனிலிருந்து படங்கள் அனுப்பியிருந்தாள். அம்மாயி, நெற்றியில் கயிறு, முதுகில் கூடை, பின்னால் மலை. பெபியா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் கணவர் படத்துக்கு இந்தப் பக்கம் மாட்டினார். ஜூன் மாதம் நான் பெட்டி கட்டியபோது தேயிலைப் பொட்டலத்தைத் துணிகளுக்கு நடுவில் வைத்தேன். படத்தை எடுத்துத் தரவா என்று மருமகள் கேட்டாள். வேண்டாம் என்றேன். வீட்டில் அம்மாவிடம் இன்னொரு பிரதி இருக்கிறது.